பிலோமினா வைத்த வெண்ணெய்ப் பழ மரம்

1

போன வாரம் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு மரம் பூ விட்டது. இதைச் சொல்லவா அமெரிக்காவிலிருந்து ஒருத்தன் காகிதத்தை வீணாக்குகிறான் என்று ராயபுரம் கல்மண்டபத்து தோஸ்துகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாசகசாலை மலருக்கு "அங்கே வாழ்க்கை எப்படி, நாலு பக்கம் எழுது" என்று கேட்டது நீங்கள்தான். வானத்தை முட்டும் கட்டடங்களையும் பளபளக்கும் கார்களையும் சினிமாக் கொட்டகையில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இருக்கும் ஊரில் அதெல்லாம் கிடையாது. இங்கே இருப்பது ஒரு ரயில் பட்டறை, ஒரு ஆறு, கண்ணுக்கெட்டிய தூரம் தக்காளிக் கொல்லை, குளிர்காலம் வந்தால் பல்லைக் கிட்டிக்க வைக்கிற பனி. எனக்கு எழுதத் தெரிந்தது என் வீட்டுச் சண்டை ஒன்றுதான். அந்தச் சண்டை இந்த மரத்தைச் சுற்றித்தான் நடந்தது.

என்னைத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சவரிமுத்து. பெரம்பூர் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். யுத்தம் வந்தபோது, வயசுக் கொழுப்பு, கப்பல் இன்ஜின் அறையில் வேலைக்கு ஏறிவிட்டேன். அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கப்பல் கலிபோர்னியாவில் பழுதாகி நின்றது. ஆள் பஞ்சமான காலம் என்பதால் துறைமுகத்திலேயே வேலை கொடுத்தார்கள். யுத்தம் முடிந்தது, சட்டம் மாறியது, நம் நாட்டுக்காரர்களும் இங்கே தங்கலாம் என்றார்கள். தங்கிவிட்டேன். இப்போது சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் மறுபடியும் ரயில் பட்டறை, மறுபடியும் ஃபிட்டர். ஊர்தான் மாறியது, விரல் நகத்து எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது.

என் மனைவி பிலோமினா எண்ணூர்ப் பெண். அவள் நைனா அங்கே உப்பளத்தில் வேலை பார்த்தவர். எங்களுக்கு ஒரே மகள் ரீட்டா. இங்கேயே பிறந்தவள். ராயபுரம் என்றால் அவளுக்கு அம்மாவும் அப்பாவும் சண்டை போடும்போது அடிபடுகிற ஒரு பெயர், அவ்வளவுதான்.

2

பிலோமினாவை இங்கே வரவழைக்க நான் பட்ட பாட்டை எழுதினால் உங்கள் மலர் முழுவதும் போதாது. நம் நாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் அவள் கல்மண்டபத்து வீட்டில் உட்கார்ந்து காத்திருந்தாள். கைரேகை கேட்டார்கள், நெஞ்சு எக்ஸ்ரே படம் கேட்டார்கள், கோயில் கல்யாணச் சான்றிதழைக் கேட்டார்கள், பிறகு அதைத் தொலைத்துவிட்டு மறுபடியும் கேட்டார்கள். ஒரு குமாஸ்தா என் குடும்பப் பெயர் என்ன என்றான். அப்படி எங்களுக்கு ஒன்றும் கிடையாது என்றேன். என் பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்து எதற்கு என்று கேட்டான். அந்தோணி, எங்கள் நைனா பெயர் என்றேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து நான் மிஸ்டர் அந்தோணி.

கப்பலைவிட்டு இறங்கியவளை "மிஸஸ் அந்தோணி" என்று அழைத்தபோது பிலோமினா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிற புருஷனிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"இன்னாய்யா இது? நான் கட்னது உன்னியா, உங்க நைனாவையா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை வெள்ளைக்காரர்களும் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இவள் வந்துவிட்டாள், இனி என்ன வேண்டும் என்று இருந்தது.

அவள் புடவை மடிப்பில் விதைகளை ஒளித்துக்கொண்டு வந்திருந்தாள். முருங்கை, பூசணி, ஏதோ ஒரு கீரை. அடுத்த கோடையிலேயே எல்லாவற்றையும் ஊன்றினாள். கோடையில் அவை முளைத்தன. முருங்கை என் இடுப்பு உயரம் வந்துவிட்டது. மகராசி, அதைக் காட்டாத ஆள் இல்லை. தபால்காரனைக்கூட நிறுத்திக் காட்டினாள். நவம்பரில் ஒரு காலை எழுந்து பார்த்தால், வேகவைத்த கீரை மாதிரி எல்லாம் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும் அப்படியே.

மூன்றாவது முறை அவள் அழவில்லை. செத்த செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மண்ணுக்கு என்னைப் புடிக்கலய்யா" என்றாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் இந்தப் பேச்சுதான். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "பூடலாம் வாய்யா" என்பாள். ஊருக்குப் போய்விடலாம் என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"போய் இன்னா பண்றதும்மே? ஆர்பர்ல மூட்ட தூக்கவா?"

"எல்லாரும் தூக்கலியா? எல்லாரும் அங்க இல்லியா?"

"கல்மண்டபத்துத் தெருவுல மழ பேஞ்சா முட்டி வரைக்கும் சாக்கடத் தண்ணி. இங்க கொயாய்ல சுடுதண்ணி வருது. பொண்ணு பெரிய ஸ்கூல்ல படிக்குது. இன்னா கொறச்சல் உனக்கு?"

"கொறச்சல்னு சொன்னனா? கடல் சத்தம் இல்லாம தூக்கம் வரலன்னு சொன்னேன்."

"கருவாட்டு நாத்தம் இல்லாமயும் தூக்கம் வரலயா?"

"ஆமா, வரல. அதுக்கின்னா இப்ப?"

இப்படியே போகும். இந்த நாட்டுக்கு நான்தான் ஏஜெண்டு என்பதுபோல் பேசுவேன். அவள் கடற்கரையில் காயும் வலையைச் சொன்னால் நான் ஈயைச் சொல்வேன். மாதா கோயில் தேரைச் சொன்னால் கூட்டத்தில் பர்ஸ் அடிக்கிறவனைச் சொல்வேன். டிராம் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கியதைச் சொன்னாள் ஒருநாள். டிராமையே நிறுத்திவிட்டார்களாம், இனி எங்கே காற்று வாங்குவாய் என்று கேட்டேன். அந்தச் செய்தியை அதற்கு முன்னால் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

3

எங்கள் பக்கத்து வீட்டில் ரமோனா என்று ஒரு மெக்சிகோக்கார அம்மாள். என்னோடு பட்டறையில் வேலை செய்தவரின் விதவை. அவருக்கும் பிலோமினாவுக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. ஆனாலும் வேலிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்று அரைமணி நேரம் பேசுவார்கள். ஒருநாள் அந்த அம்மாள் ஒரு கூடைப் பழம் கொடுத்தார். அளவில் சின்ன மாங்காய், நிறத்தில் கத்தரிக்காய். அறுத்தால் உள்ளே மஞ்சளும் பச்சையுமாக வெண்ணெய் போன்ற சதை, நடுவே பெரிய கொட்டை. இங்கிலீஷில் அவகாடோ என்பார்கள். நாங்கள் வீட்டில் வெண்ணெய்ப் பழம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இனிப்பும் கிடையாது, புளிப்பும் கிடையாது.

பிலோமினா ஒரு வாய் தின்றுவிட்டு, "இன்னா இது, சோப்பு மாதிரி கீது" என்றாள். மறுநாள் அதிலேயே வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் உப்பும் போட்டுப் பிசைந்து சோற்றோடு தின்றாள். அதற்கு மறுநாள் இன்னும் இருக்கிறதா என்று வேலியோரம் போய் நின்றாள்.

ரமோனா அம்மாள் அவளைத் தன் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். கூரையைத் தாண்டி வளர்ந்த மரம். அந்த அம்மாள் ஒரு இலையைப் பறித்துக் கசக்கி பிலோமினாவின் மூக்கருகே காட்டினார். சோம்பு வாசனை. உண்மையாகவே நம் வீட்டில் கறிக்குழம்புக்கு அரைக்கிற சோம்பின் வாசனை. பிலோமினா அந்த இலையை முகத்தில் அப்படியே அழுத்திக்கொண்டு நின்றாள். வேலை முடிந்து வந்த என்னையும் இழுத்துப்போய் மோந்து பார்க்கச் சொன்னாள். எனக்கு எங்கள் ராயபுரத்துச் சமையற்கட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. இது ஏதோ காட்டு மரம், வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் பழத்தில் பல இனம் உண்டு. தெற்கே வெதுவெதுப்பான ஊர்களில் வளர்வது வேறு, அது பனி பட்டால் போச்சு. இது மெக்சிகோ மலைக்காட்டு இனம். தோல் மெல்லிசு, இலையில் சோம்பு வாசனை, வளர்ந்துவிட்டால் உறைபனியைக்கூடத் தாங்கும். கன்றாக இருக்கும் இரண்டு மூன்று குளிர்காலம்தான் கண்டம். அதைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். இதை ரமோனா அம்மாள் அரைகுறை இங்கிலீஷில் எனக்குச் சொன்னார், நான் பிலோமினாவுக்குச் சொன்னேன். அந்த அம்மாள் ஒட்டுக்கட்டிய கன்று ஒன்றும் கொடுத்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பிலோமினா கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"இந்தாய்யா. இந்தச் செடி ஒண்ணு புடிச்சிக்கிச்சின்னா நான் இங்கயே இருந்துக்கிறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன். இதுவும் பூட்ச்சின்னா நானும் பொண்ணும் கெளம்பறோம். நீ வந்தா வா, இல்லன்னா உன் பட்டறையக் கட்டிகினு அய்வு."

அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை. மகளைப் பார்த்தேன். அவள் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு பேரும் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை நான் குழி வெட்டினேன். தெற்குப் பார்த்த சுவரோரம், வெயில் சூடு சுவரில் தங்கும் இடமாகப் பார்த்து, தண்ணீர் நிற்காமல் இருக்க மண்ணை மேடு கட்டினேன். கன்றை அன்றைக்கே வைத்துவிடலாம் என்றேன். பிலோமினா ஒத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நாள், அன்றைக்குத்தான் வைப்பேன் என்றாள். செவ்வாய்க்கிழமை நான் பட்டறையில் இருந்தேன். அவளே வைத்தாள்.

குளிர் வந்ததும் என் வேலை ஆரம்பமாயிற்று. கன்றைச் சுற்றி நாலு கழி நட்டேன். பட்டறையில் கேட்டு வாங்கிவந்த கோணிச் சாக்குகளைத் தைத்துக் கூரைபோல் மூடினேன். பொழுது சாயும்போது உள்ளே ஒரு அரிக்கேன் விளக்கை ஏற்றி வைப்பேன். வேரைச் சுற்றி வைக்கோல். ரீட்டாவின் சிநேகிதிகள் அதை எங்கள் வீட்டுக் கோயில் என்று நினைத்துவிட்டார்களாம். ரீட்டாவுக்கு அவமானமாகப் போயிற்று.

மகளைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை உண்டு. பிலோமினா தமிழில் "அருள் நிறைந்த மரியே" என்று பாதியைச் சொல்வாள். மீதிப் பாதியை நாங்கள் சொல்லவேண்டும். நான் தமிழில் சொல்வேன். ரீட்டா இங்கிலீஷில் சொல்வாள். சின்ன வயசில் என்னோடு சேர்ந்து தமிழில் சொன்னவள்தான், பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் எப்போது மாறினாள் என்றே தெரியவில்லை. பிலோமினா அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். மாதாவுக்கு எல்லா பாஷையும் தெரியும் மம்மி என்றாள் மகள். 

அந்தக் குளிர்காலத்தில் இலைகளின் நுனி காய்ந்தது. நுனியிலிருந்து ஓரமாக, பீடி நெருப்பு பட்ட துணிபோல், பழுப்பாகத் தீய்ந்துகொண்டே வந்தது. குளிர்தான் என்று இன்னும் இரண்டு சாக்கு போர்த்தினேன். பிப்ரவரியில் கன்று குச்சியாக நின்றது. ரீட்டா பார்த்துவிட்டு, "அது வெறும் மரம்தானே மம்மி" என்று இங்கிலீஷில் சொன்னாள். பிலோமினாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும்.  குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்தாள்.

நான் ரமோனா அம்மாளிடம் ஓடினேன். அந்த அம்மாள் இன்னொரு கன்று கொடுத்தார். "முதல் செடிய வுட்டுடு. நான் சாக்கு போட லேட்டாக்கிட்டேன். இன்னும் ஒரே ஒரு தபா பாரு" என்று பிலோமினாவைக் கெஞ்சினேன். நான் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. பெட்டியை உள்ளே தள்ளினாள்.

"இதான் கடேசி" என்றாள்.

5

இங்கே ஜனவரி மாதம் பிரஜை அல்லாதவர்கள் எல்லாரும் தபாலாபீசுக்குப் போய், நான் இன்ன விலாசத்தில் இருக்கிறேன் என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கவேண்டும். பிலோமினா இன்னும் பிரஜையாகவில்லை. வருஷா வருஷம் நான் கூட்டிப்போவேன். இரண்டாவது கன்று வைத்த பிறகு வந்த ஜனவரியில் தபாலாபீஸ்காரன், போன வருஷ விலாசம்தானா, மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டான். நான் மொழிபெயர்த்தேன்.

"மார்ச்சு மாசம் கேக்கச் சொல்லுய்யா" என்றாள் பிலோமினா.

அதற்குள் செடியின் கதி தெரிந்துவிடும் என்ற கணக்கு. மாற்றமில்லை என்று நானே சொல்லிவிட்டேன்.   இரண்டாவது கன்றின் இலை நுனியும் அந்த வாரம் காயத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பட்டறையிலிருந்து வந்தபோது ரமோனா அம்மாள் வேலியோரம் நின்று என்னைக் கைகாட்டி அழைத்தார். பிலோமினா மகளோடு கடைக்குப் போயிருந்தாள். அந்த அம்மாள் எங்கள் பக்கம் வந்து, சாக்கைத் தூக்கி, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனி பட்டால் இலை முழுவதும் கறுத்துத் தொங்கும், இது நுனி மட்டும் காய்கிறதே என்றார். பிறகு வைக்கோலை ஒதுக்கினார். அடியில் மண்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

உப்பு. வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பார்த்ததை அப்போதுதான் சொன்னார். உங்கள் மனைவி செடியைச் சுற்றிச் சுற்றி வந்து என்னவோ கரைத்து ஊற்றுகிறாள், அது உங்கள் தேசத்து மருந்தாக்கும் என்று இருந்துவிட்டேன் என்றார். இந்த மரத்துக்கு உப்புதான் எமன் என்றும் சொன்னார். அதன் வேர் மேலாகவே ஓடுவதால் கொஞ்சம் உப்பு பட்டாலும் இலை நுனி தீயுமாம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எண்ணூரில் தென்னங்கன்று வைத்தால் குழியில் உப்பு போடாமல் வைக்கமாட்டார்கள். உப்பு போட்டால்தான் வேர் பிடிக்கும், வண்டு வராது என்பார்கள். பிலோமினா வீட்டுக் கொல்லையில் வரிசையாக நின்ற தென்னைகள் அத்தனைக்கும் அவள் நைனா உப்பளத்திலிருந்து கூடையில் கொண்டுவந்து கொட்டியதுதான். அந்தோணியார் நாளில் நான் இல்லாத நேரம் குழியில் முதல் பிடி விழுந்திருக்கிறது. நுனி காய்ந்ததும் அவள் என்ன நினைத்திருப்பாள்? கண் பட்டுவிட்டது என்று நினைத்திருப்பாள். தெருவில் போகிறவன் வருகிறவனெல்லாம் அந்தச் சாக்குக் கூடாரத்தை முறைத்துப் பார்த்தால் கண் படாமல் என்ன செய்யும்? உப்பும் மிளகாயும் கையில் எடுத்துச் செடியைச் சுற்றி, துப்பி, அந்த உப்பைத் தண்ணீரில் கரைத்து அதன் காலிலேயே ஊற்றியிருக்கிறாள். காயக் காய இன்னும் சுற்றியிருக்கிறாள்.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. பெய்கிற மழை அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும். நான் அடுக்கடுக்காகத் தைத்த சாக்குக் கூரை அதை உள்ளே விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பாசத்தைக் கொட்டி ஒரு செடியைக் கொன்றுவிட்டு, இன்னொன்றையும் கொன்றுகொண்டிருந்தோம்.

6

அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று தவித்தேன். சொன்னால் தன் கையே ராசியில்லாத கை என்று உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் மறுபடி உப்பைக் கரைப்பாள், செடி போகும், அவளும் மகளும் கப்பலேறுவார்கள். மறுநாள் பூசை முடிந்து வந்ததும் நல்ல மழை பிடித்தது. நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்புறம் போய் சாக்கையெல்லாம் உருவிப் போட்டேன். பிலோமினா சமையலறையிலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னாய்யா பண்ற? சாக்க ஏன் எடுத்த?"

"மழ படட்டும்மே. நீ உள்ள போ."

"குளுர்ல நனைஞ்சி சாவட்டும்னா? நாங்க போய்த் தொலையணும்னு கீதா உனக்கு? அப்ப இன்னாத்துக்கு இந்த டமாசு, நேரா சொல்லிடேன்."

இப்படிக் கேட்டால் மனுஷனுக்குக் கோபம் வராதா?

"நீ கொட்ன உப்புதாம்மே அத்தக் கொல்லுது. குளுரு இல்ல, கண்ணு இல்ல, ஒண்ணும் இல்ல. உன் உப்பு."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று இருந்தது. அவள் மழையில் நின்றாள். முந்தானை நனைந்து தோளில் ஒட்டிக்கொண்டது. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். அன்று சாயங்காலம் ஜெபமாலையை ரீட்டா இங்கிலீஷிலேயே ஆரம்பித்தாள், பிலோமினா அதையும் கண்டுகொள்ளவில்லை. நான் அவள் பெட்டியை இழுக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தேன். பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ரமோனாம்மா மரமும் இந்தக் குளுர்லதான நிக்குது?" என்று கேட்டாள்.

"இதே குளுர்லதான்."

"இதே மண்ணுதான?"

"இதே மண்ணுதான். அவங்க உப்பு போடல, அவ்ளோதான்."

"அப்ப மண்ணு நல்ல மண்ணு."

"நல்ல மண்ணு பிலோ. அந்த மண்ணுல இன்னா போட்டாலும் வரும். பனி தாங்கற ஜாதியாப் பாத்துப் போடணும்."

 பிறகு அழுதாள். இந்த நாட்டுக்கு வந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"எங்க வூட்ல உப்புதான்யா சோறு போட்டுது. மரத்துக்கு அதான் போட்டோம். கொயந்தைக்குக் கண்ணு பட்டா அதான் சுத்திப் போட்டோம். அது கெட்டது பண்ணும்னு எனக்கு எப்டித் தெரியும்? நான் இந்த மண்ணு என்னை வோணான்னு சொல்லிடுச்சின்னு நெனைச்சிகினு இருந்தேன். இத்தினி வருஷமா அத்தத்தான் நெனைச்சிகினு இருந்தேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். 

அன்றே வேலையை ஆரம்பித்தோம். மேல் மண்ணை அவள் தன் கையாலேயே வழித்து வாளியில் போட்டுத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். நான் புது மண் கொண்டுவந்தேன். குழாயைப் போட்டு நாள்தோறும் நிதானமாகத் தண்ணீர் விட்டு வேருக்குக் கீழே உப்பைக் கழுவித் தள்ளினோம். உறைபனி விழும் என்று ரேடியோவில் சொன்ன அன்று மட்டும் சாக்கு, மற்ற நாளில் திறந்த வானம். இருந்த இலையெல்லாம் கொட்டிவிட்டது. மார்ச்சு வந்தது. பெட்டி கட்டிலடியிலேயே இருந்தது. ஏப்ரலில் ஒருநாள் பட்டறை வாசலிலேயே வந்து நின்றாள் பிலோமினா. தனியாக அவ்வளவு தூரம் அவள் வந்ததே இல்லை. "தளிர் வுட்டுகீது" என்று சொல்லிவிட்டு அப்படியே திரும்பி நடந்தாள்.

7

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. மரம் கூரை ஓடுவரை வந்துவிட்டது. பிலோமினா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவள். ஊருக்குப் பூடலாம் என்ற பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. சந்தைக்குத் தனியாகப் போகிறாள். ரமோனா அம்மாளோடு ஏதோ ஒரு பாஷையில் சிரிக்கிறாள். பிரஜையாவதற்கு எந்த ஆபீசுக்குப் போகவேண்டும் என்று போன மாதம் என்னைக் கேட்டாள்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். முதலில் இருந்தது. பட்டறையில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழம்பு கொதிக்கும்போது, நான் எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே பட்டது. அவள் கேட்கமாட்டாளா என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டவரைக்கும் நான் மறுத்தேன். மறுப்பதற்காகவாவது வாரத்துக்கு ஒருமுறை கல்மண்டபத்துத் தெருவில் நடந்தேன். அவள் கடலைச் சொன்னாள், நான் சாக்கடையைச் சொன்னேன், இரண்டும் எனக்கு ராயபுரம்தான். இப்போது எங்கள் வீட்டில் அந்த ஊரின் பெயரைச் சொல்ல ஆளில்லை. மகளுக்குத் தெரியாது, மனைவிக்குத் தேவையில்லை. கருவாடு காயும் அந்த நாற்றம் ஒருதரம் மூக்கில் ஏறாதா என்று நான் ஏங்குகிறேன். பட்டறைச் சங்கு ஊதினால் பெரம்பூர்ச் சங்கு என்று ஒரு கணம் தலை நிமிர்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. அத்தனை வருஷம் அவளை அதட்டிவிட்டு எந்த வாயால் சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை பிலோமினா பின்புறத்திலிருந்து கூப்பிட்டாள். கொத்துக் கொத்தாகப் பூ. சின்னஞ்சிறு பூ, பச்சையா மஞ்சளா என்று சொல்ல முடியாத நிறம். கிட்டே போய்ப் பார்த்தால்தான் பூ என்றே தெரிகிறது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில்தான் என்று அவள் நினைத்தாள்.

"பூடலாமா பிலோ?" என்றேன்.

"எங்க?"

"ராயபுரத்துக்கு."

கையில் தண்ணீர்க் குழாயோடு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கேலி செய்கிறேனா என்று முதலில் பார்த்தாள். இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

"இத்த மனசுல வச்சிகினுதான் இத்தினி வருஷமா என்னை அதட்டிகினு இருந்தியா?"

"ஆமா" என்றேன்.

குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே ரீட்டா ரேடியோவோடு சேர்ந்து இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தாள். பிலோமினா மெதுவாகச் சொன்னாள்.

"அப்பவே சொல்லிருக்கலாமேய்யா. அப்ப சொல்லிருந்தா பூட்டிருப்போமே."